மேலே மட்டும் போகும் லிஃப்ட்

அணைக்கட்டுக் குடியிருப்பு
பிப்ரவரி 11

தம்பி,

நலம் விசாரிக்கிற வரிகளை இந்த முறை தாண்டிவிடுகிறேன். எனக்குக் கோபம்.

என் ஒரே மகளுக்குக் கல்யாணம். அவளுக்கு ஒரே தாய்மாமன் நீ. முன்வரிசையில் உனக்கென்று போட்ட நாற்காலியில் கடைசியில் யாரோ கைப்பையை வைத்துவிட்டார்கள். போட்டோக்காரர், "பொண்ணோட மாமா எங்க, கூப்பிடுங்க" என்று சத்தம் போட்டார். நான் என்ன சொல்வது? "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டார்" என்றேன். லிஃப்ட் மெக்கானிக் லிஃப்டில் மாட்டிக்கொண்டால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? நானும் சிரித்தேன். அப்புறம் கை கழுவுகிற இடத்தில் போய் நின்று அழுதேன்.

சுருட்டையாவது தனியாக வந்து தலைகாட்டிவிட்டுப் போனாள். பெண்டாட்டிக்கு இருக்கிற பொறுப்பு புருஷனுக்கு இல்லை. "அவருக்கு உடம்பு சரியில்ல அண்ணி" என்றாள். என்ன உடம்பு என்று கேட்டால் தன் முடியைச் சுருட்டிக்கொண்டே தரையைப் பார்க்கிறாள்.

இந்த மலையில் போன் எடுக்காது என்று உனக்குத் தெரியும். காய்கறி ஜீப் மேலே வந்தால்தான் எனக்குத் தபால். ஒவ்வொரு தடவையும் டிரைவர் முகத்தைப் பார்க்கிறேன், அவர் உதட்டைப் பிதுக்குகிறார். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து நீர்மட்டம் பார்ப்பது என் பிழைப்பு. தண்ணீர் ஏறினால் முள் காட்டும், நான் ஷட்டரைத் திறப்பேன். மனிதர்களுக்கு அப்படி ஒரு முள் வைக்காமல் விட்டுவிட்டார்கள்.

சண்டை போடவாவது எழுது.

அக்கா


மார்ச் 2

அக்கா,

பலமுறை தொடங்கி நிறுத்திவிட்டேன். இந்தத் தடவை முடிக்கப் பார்க்கிறேன்.

கல்யாணத்துக்கு நான் கிளம்பினேன். நம்பு. சட்டை போட்டேன். ஒரு காலில் சாக்ஸ் மாட்டினேன். இன்னொன்று கையில் இருந்தது. அதை மாட்ட வேண்டும் என்று தெரிகிறது, கை போகவில்லை. சுருட்டை வந்து, "வண்டிக்கு நேரமாச்சுங்க" என்றாள். பிறகு மெதுவாக, "நான் மாட்டிவிடட்டுமா?" என்றாள். அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சாக்ஸுக்கு அழுகிறவனை என்ன செய்வது? அவளை மட்டும் அனுப்பினேன்.

சாப்பாடு அட்டையை மெல்வது போல இருக்கிறது. இருட்டு கலையும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. விழித்த உடனே நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். உடம்பு முழுக்க ஈர மணல். வேலையில் ஒரு போல்ட்டை முறுக்கினேனா இல்லையா என்று மறந்துபோகிறது. திரும்ப ஏறிப் பார்க்கிறேன். முறுக்கித்தான் இருக்கிறது. மறுபடி சந்தேகம். ஃபோர்மேன், "என்னப்பா, கனவுல நடக்கறியா?" என்கிறார். நல்ல மனுஷர். அவருக்கும் நான் பாரம்.

சர்வீஸ் பார்க்க லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்றுகொண்டு போவோம், உனக்குச் சொல்லியிருக்கிறேன். முன்பு வேலை முடிந்தால் வெளியே வந்துவிடுவேன். இப்போது அங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன். மேலே கயிறு, கீழே குழி, நடுவில் நான். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அன்றைக்கு ஒரு அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "இது எப்பதான் சரியாகும்?" என்றார். லிஃப்டைத்தான் கேட்டார்.

சாக வேண்டும் என்று இல்லை அக்கா. ஆனால் நாளைக்கு நான் எழுந்திருக்காவிட்டால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று தோன்றுகிறது. இதை எழுதியிருக்கக் கூடாது. அடித்துவிட்டால் இன்னும் பயப்படுவாய். அப்படியே விடுகிறேன்.

தம்பி


மார்ச் 8

என் தங்கமே,

கோபம் போன இடம் தெரியவில்லை. முதலில் உனக்கு ஒரு பக்கம் புத்திமதி எழுதினேன். மனதைத் தேற்றிக்கொள், நாலு பேரோடு பழகு, உனக்கு என்ன குறை என்றெல்லாம். நல்லவேளை, மருந்தகத்து நர்ஸம்மா டீ குடிக்க வந்தாள். அவளிடம் யாருக்கோ என்பது போலக் கேட்டேன். அவளா விடுவாள்? "உங்க தம்பிக்கா அக்கா?" என்று நேராகவே பிடித்துவிட்டாள்.

புத்திமதியைப் படித்துவிட்டு, "சர்க்கரை நோய்க்காரன்கிட்ட மனசைத் தேத்திக்கோன்னா சர்க்கரை எறங்குமா? இது நோவு அக்கா. சோம்பேறித்தனம் இல்ல. கிழிச்சுப் போடுங்க" என்றாள். கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றும் சொன்னாள். "செத்துடலாம்னு நெனச்சியான்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த நெனப்பு வந்துடும்னு பயப்படாதீங்க. தனியா சுமக்கறதுதான் ஆபத்து." ஆகவே கேட்கிறேன். அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது விழுந்துவிடலாம் என்று தோன்றியதா? எனக்குச் சொல்லாவிட்டாலும் டாக்டரிடம் சொல். மனநல டாக்டரிடம். சுருட்டையைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே போ. என் தலைமேல் சத்தியம்.

நீ எழுந்துவிடுவாய். அப்பாவும் இப்படித்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடப்பார். நீ அப்போது கைக்குழந்தை. பிறகு ஒருநாள் எழுவார் பார், எப்படி எழுவார்! வீடு முழுக்க விடிய விடிய வெள்ளையடிப்பார். தெருவில் போகிறவர்களை எல்லாம் சாப்பிடக் கூப்பிடுவார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பாடுவார். என் சின்ன வயதிலேயே நல்ல நாட்கள் அவைதான். உனக்கும் அப்படி விடியும்.

அக்கா


மார்ச் 25

அக்கா,

போனோம். நீ கேட்டதற்குப் பதில்: தோன்றியது. ஒரு தடவை இல்லை. டாக்டரம்மாவிடம் சொன்னேன். சுருட்டை பக்கத்தில் இருந்தாள். அவள் என் முழங்கையைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை.

வயதானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத் தேடுகிறவர். அவசரமே படவில்லை. தூக்கம், பசி, எடை, முன்பு பிடித்தது இப்போது பிடிக்கிறதா, எத்தனை நாளாக இப்படி, குடிப்பழக்கம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தைராய்டு கெட்டாலும் ஆள் இப்படி ஆவானாம், ரத்தம் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. "இது மனச்சோர்வு நோய். நடுத்தரத்தைத் தாண்டிப் போயிருக்கு. ஆனா குணமாகக்கூடியது" என்றார்.

பிறகு ஒரு விசித்திரமான கேள்வி. "இதுக்கு நேர் எதிரா எப்பவாவது இருந்திருக்கீங்களா? தூக்கமே வேணாம், உடம்புல மின்சாரம் ஓடற மாதிரி, ஆயிரம் யோசனை, அளவுக்கு மீறின சந்தோஷம்?" எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி இருந்தால் உங்களிடம் ஏன் வருகிறேன் என்றேன். "வீட்ல யாருக்காவது மனசு சம்பந்தமா?" என்றார். இல்லை என்றேன். நீ எழுதியது நினைவுக்கு வந்தது. ஆனால் அப்பா எழுந்துவிட்டார் அல்லவா? கூரை வேலையில் தவறி விழுந்து போனவரை மனநோயாளி என்று எழுதவைக்க மனம் வரவில்லை.

மாத்திரை கொடுத்திருக்கிறார். வேலை செய்யச் சில வாரம் ஆகுமாம். பலன் தெரியவில்லை என்றோ, தெரிகிறது என்றோ நானாக நிறுத்தக் கூடாது. மாத்திரை டப்பா சுருட்டையிடம். லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்ட்டுக்குள் தனியாக இறங்கக் கூடாது. வாரம் ஒருமுறை போய்ப் பேச வேண்டும்.

எழுதிக் களைத்துவிட்டேன்.

தம்பி


ஏப்ரல் 3

தம்பி,

உன் கடிதத்தை மடித்து மடித்து ஓரம் கிழிந்துவிட்டது. சுருட்டையின் கைக்கு நான் ஒரு முத்தம் அனுப்பினதாகச் சொல். நர்ஸம்மாவும் சரியான ஆளிடம்தான் போயிருக்கிறான் என்கிறாள். சாப்பாடு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா, அதை மட்டும் இரண்டு வரி எழுது.

இங்கே மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. மலைச்சரிவில் மண் ஊறிக் கிடக்கிறது. ஜீப் வருகிற நாள் தப்பினால் பதறாதே.

அக்கா


ஏப்ரல் 20

அன்பு அக்காவுக்கு,

இரண்டு வரி கேட்டாய். இருபது தரப்போகிறேன்!

இறங்குகிறது. சாப்பாடு இறங்குகிறது, இட்டதெல்லாம் இறங்குகிறது, சுருட்டை பங்கும் சேர்ந்து இறங்குகிறது. போன செவ்வாய் காலையில் குளித்துக்கொண்டிருக்கும்போது பாடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. சுருட்டை கதவுக்கு வெளியே நின்று அழுதாள். வெளியே வந்து அவளைச் சுற்றித் தூக்கினேன். "விடுங்க, இடுப்பு புடிச்சுக்கப்போகுது" என்று சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று அவள் சிரித்து!

வேலையிலும் நான் பழைய ஆள். இல்லை, பழைய ஆளைவிட மேல். மோட்டார் உறுமுவதை வைத்தே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஃபோர்மேன் வாயைப் பிளக்கிறார். தூக்கம் குறைவுதான், ஆனால் களைப்பே இல்லை. விடியும் முன் எழுந்து படம் வரைகிறேன். நம் லிஃப்டுகள் எல்லாம் தப்பாகச் செய்யப்பட்டவை, தெரியுமா? எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. பெரிய யோசனை. இப்போது சொல்லமாட்டேன்.

டாக்டரம்மாவைப் பார்க்கப் போவதை விட்டுவிட்டேன். குணமானவனுக்கு அங்கே என்ன வேலை? வருகிறவர்களின் இடத்தை நான் ஏன் அடைக்க வேண்டும்? மாத்திரையை மட்டும் விடவில்லை. இப்படித் தூக்கிவிட்ட மாத்திரையை யாராவது விடுவார்களா?

உன் தம்பி, உயிரோடு!


ஏப்ரல் 28

தம்பி,

கண்ட்ரோல் ரூமில் உரக்கப் படித்தேன். "இட்டதெல்லாம் இறங்குகிறது" என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸம்மா மட்டும் கடைசிப் பக்கத்தை வாங்கி இன்னொரு தடவை படித்தாள். "தூக்கம் கொறஞ்சும் களைப்பே இல்லையாமா?" என்றாள். ஆமாம், நல்லதுதானே என்றேன். டாக்டரிடம் போவதை நிறுத்தக் கூடாது என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். போ. வாயைக் கிளறாதே, போ.

அது என்ன யோசனை? எனக்குக்கூடச் சொல்லமாட்டாயா?

அக்கா


மே 4

அக்கா அக்கா அக்கா

சொல்கிறேன், உனக்கு மட்டும் சொல்கிறேன். பிரேக்! உலகம் முழுக்க லிஃப்டுக்குப் பிரேக் எதற்கு? கீழே விழாமல் இருக்க என்பான் முட்டாள். காலிக் கூண்டைப் பிரேக் இல்லாமல் விட்டால் கீழே விழாது, மேலே பாயும்! மறுமுனையில் தொங்குகிற எடை அதைவிடக் கனம். மேலே போவதுதான் அதன் இயல்பு, நாம்தான் பிடித்து வைத்திருக்கிறோம். என்னையும் அப்படித்தான் பிடித்து வைத்திருந்தார்கள். கயிறு வயிறு உயிர், மூன்றும் ஒன்றுதான், அறுத்தால் தெரியும், அறுத்தால்தான் தெரியும்.

வேலையை உதறிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே வீட்டை விட்டு வந்துவிட்டேன். புதிதாகக் கட்டுகிற உயரக் கட்டடத்தின் உச்சியில், மெஷின் ரூமில் இருக்கிறேன், சாவி என்னிடம்தான். வெளியூர் வேலை என்று சுருட்டையிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு என்மேல் பொறாமை. தூங்குங்க தூங்குங்க என்று ஒரே பாட்டு. தூக்கம் பிணத்துக்கு! நான் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று எனக்கே தெரியாது, தலைக்குள் ஆயிரம் விளக்கு. காற்றுகூட என் பேரைச் சொல்கிறது.

பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கட்டடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். பிரேக்கைக் கழற்றிவிட்டுக் கூண்டின் மேல் நிற்கப்போகிறேன். மேலே மட்டும் போகிற லிஃப்ட். இறங்குவதுதான் மனிதனின் வியாதி, நான் இறங்கப்போவதில்லை. ஊரே பார்க்கும். பயம் என்றால் என்னவென்று மறந்துவிட்டது அக்கா, அந்தச் சொல்லே மறந்துவிட்டது, இப்போது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எழுதினேன்


மே 13
மலைப்பாதையில், மண்சரிவுக்கு இந்தப் பக்கம்

தம்பி,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. கையோடு கொண்டுவருகிறேன். பாறையை நகர்த்தும்வரை சும்மா நிற்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். பாதை அடைந்ததால் தபால் கீழேயே தேங்கிக் கிடந்திருக்கிறது. உன் கடிதம் இன்று காலைதான் ஒருவர் கையில் நடந்து வந்தது. முடிக்காமல், பெயர் போடாமல் நிற்கிற கடிதம்.

படிக்கப் படிக்க அது உன் குரல் இல்லை. அப்பா குரல்.

அப்பா தவறி விழுந்தார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன். கீழே நின்று பார்த்தவள் நான். கூரை விளிம்பில் நின்று, "பாப்பா, காத்து என்னைத் தாங்கும் பாரு" என்றார். சிரித்துக்கொண்டேதான் காலை எடுத்து வைத்தார். அந்தச் சிரிப்பை நான் சந்தோஷம் என்று இத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருந்தேன். நல்ல நாட்கள் என்று உனக்கும் எழுதினேன். படுத்துக் கிடந்ததும் நோய், எழுந்து ஆடினதும் அதே நோய். கடிதத்தைக் காட்டினதும் நர்ஸம்மா முகம் வெளுத்துவிட்டது. "எப்பாடு பட்டாவது கீழ எறங்குங்க. போன் எடுக்கற இடம் வந்ததும் மொதல்ல டாக்டருக்குப் பேசுங்க, அப்புறம் அவர் சம்சாரத்துக்கு" என்றாள்.

பாறையைச் சுற்றி ஒற்றையடித் தடம் இருக்கிறது என்கிறார்கள். வழுக்குமாம். வழுக்கட்டும். நான் போகிறேன்.

அக்கா


மருத்துவமனை
ஜூன் 20

அக்கா,

இன்றுதான் பேனா பிடிக்க அனுமதித்தார்கள். கை நடுங்குகிறது. மருந்தினால்தான், பயப்படாதே. அளவு சரியாக இருக்கிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. நீங்கள் மூன்று நாளாக என்னைத் தேடினீர்கள் என்று சுருட்டை சொல்லித்தான் தெரியும். உன்னிடம் கட்டடத்தின் பெயரைச் சொல்லாமல் விட்டதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். ஆபீஸ் பலகையில் காணாமல் போயிருந்த சாவியின் எண்ணை வைத்து ஃபோர்மேன்தான் கண்டுபிடித்தாராம். கூண்டு பாய ஆரம்பித்தது நினைவிருக்கிறது. காதில் காற்று. மேல்தளம் என்னை நோக்கி வந்தது. அப்போதுகூட அது திறந்துகொள்ளும் என்று நினைத்தேன். பிறகு ஒரு அலறல். மெஷின் ரூமில் ஃபோர்மேன், கயிறு ஓடுகிற சக்கரத்தில் மரக்கட்டையைச் செருகியிருக்கிறார். கட்டையோடு கையும் போய்விட்டது. இரண்டு விரல். கூண்டு நின்றது.

அப்புறம் கதவிடுக்கில் உன் முகம். ஒரு காலில் செருப்பு இல்லை. "வழி விடு, நான் பறக்கப்போறேன்" என்றேன். நீ அழவில்லை, கெஞ்சவில்லை. "பறடா. யாரு வேணாம்னது? மலையிலேர்ந்து நடந்து வந்து மூணு நாளா உன்னைத் தேடறேன், நாக்கு வறளுது. எனக்கு ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடுத்துட்டுப் பற" என்றாய். உனக்குத் தண்ணீர் எடுக்கத்தான் இறங்கினேன். அதற்கப்புறம் இருட்டு.

டாக்டரம்மா தினமும் வருகிறார். "உங்களுக்கு வெறும் மனச்சோர்வு இல்ல. ரெண்டு பக்கமும் போற நோய் இது. தாழ்வுக்கு மட்டும் குடுத்த மருந்து உங்களை மேல தள்ளிடுச்சு. நான் உங்களைக் கேட்டேன், நீங்க இல்லைன்னீங்க. வீட்டாளுங்களையும் கேட்டிருக்கணும். அது என் தப்பு" என்றார். அந்த மாத்திரையை நிறுத்தி வேறு கொடுத்திருக்கிறார்கள். நெடுநாள் சாப்பிட வேண்டுமாம்.

ஃபோர்மேன் பார்க்க வந்தார். கட்டுப்போட்ட கையைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். "விடுப்பா, விரல் போனா என்ன, உன்னைத் திட்ட வாய் இருக்கில்ல" என்றார். திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். அந்த நாட்களை நினைத்தால் வெட்கம் வருகிறது. ஏக்கமும் வருகிறது. அவ்வளவு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாத்திரையை நாக்கின் அடியில் ஒதுக்கிவிட்டால் அது திரும்ப வரும் என்று எனக்குத் தெரியும். நேற்று ஒதுக்கினேன். பிறகு விழுங்கிவிட்டேன்.

தம்பி


ஜூலை 1

தம்பி,

விழுங்கினதைச் சொன்னாய், சரி. ஒதுக்கினதை டாக்டரம்மாவிடமும் சொல். என்னிடம் சொன்னால் போதாது.

அப்பாவைப் பற்றி அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்தேன். என் மகளுக்கும் சொல்லிவிட்டேன். அவளும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மருத்துவமனைக்குப் போகிற வழியில் என் கையைக் கடித்தாய். தடம் ஆறிவிட்டது. வலித்தது அது இல்லை. "நீ எனக்கு அக்காவே இல்ல, என் வெளிச்சத்தைத் திருட வந்தவ" என்றாய். அதைச் சொல்லும்போது உன் கண் தெளிவாக இருந்தது. நான் செய்வது சரிதானா என்று ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால், நீ சொல்வதைக் கேட்பதா, வேண்டாமா? யாரைக் கேட்பேன்?

அக்கா


ஜூலை 9

அக்கா,

என்னைக் கேள். இப்போதே கேள், இப்போது நான் நானாக இருக்கிறேன். டாக்டரம்மாவும் இதை யோசித்து எழுதிவைக்கச் சொன்னார். சுருட்டையும் பக்கத்தில் இருக்கிறாள்.

நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஷாஃப்ட் வேலை இனி இல்லை. பழுது பார்க்கிற பட்டறையில் தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாக ஃபோர்மேன் சொல்லியிருக்கிறார். மருந்து நாள் தவறாமல் சாப்பிடுவேன். ஆனாலும் வராது என்று டாக்டரம்மா சத்தியம் செய்யவில்லை. வந்தால் சீக்கிரம் பிடிக்கலாம் என்று மட்டும்தான் சொன்னார். இரண்டு நாள் சேர்ந்தாற்போல நான் தூங்காவிட்டால் சுருட்டை உனக்கும் டாக்டருக்கும் தகவல் அனுப்புவாள். என்னிடம் கேட்கமாட்டாள். அதற்கு ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அன்றைக்கு நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஒன்றும் இல்லை என்பேன். அழகாகப் பேசுவேன், உன்னால் மறுத்துப் பேச முடியாது. உன்னைப் பொறாமைக்காரி என்பேன். சுருட்டையை இன்னும் கேவலமாகத் திட்டுவேன். இந்தக் கடிதத்தை நீ எடுத்துக் காட்டினால், நோயில் எழுதினது என்று கிழித்துப் போடுவேன். கை நீட்டினாலும் நீட்டுவேன்.

எதையும் கேட்காதே. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வா. என்னைத் தூக்கிக்கொண்டு போ.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், அதைத் தாங்குவதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும். நீ என்னைப் பிடிக்க வருகிற அந்த நாளில் நான் அழுதுகொண்டு இருக்கமாட்டேன். நீ என்னைப் பார்த்ததிலேயே மிகச் சந்தோஷமாக இருப்பேன். அப்போதும் வா.

தம்பி